ஜகார்த்தாவில் ஐந்து, எங்களுக்கு ஆறு

1

மலாக்கா நகரில், வெளிநாட்டுக்காரர்களின் பாஸைப் புதுப்பிக்கும் அலுவலகத்தில், எனக்கென்று ஒரு நாற்காலி உண்டு. ஜன்னலை ஒட்டி, ஒரு கால் குட்டையாகி ஆடிக்கொண்டிருக்கும் நீல நாற்காலி. வருஷத்துக்கு ஒரு முறை காலை ஏழரைக்கே போய் அதைப் பிடித்துவிடுவேன். அங்கிருந்து பார்த்தால் கவுண்டர் தெரியும், எண் மாறுவது தெரியும், கீழே நிறுத்தியிருக்கும் என் மோட்டார் சைக்கிளும் தெரியும். பதினோரு வருஷமாக இப்படித்தான். மனைவி இந்த நாட்டுக்காரி, மகள் இந்த நாட்டுக்காரி, நான் மட்டும் வருஷாவருஷம் முத்திரை வாங்கி வாழ்கிறவன்.

இரண்டாயிரம் பிறக்கப் போகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும் இந்த வருஷமும் போனேன். அதே படிவம், அதே நீல மை. கடைசிப் பக்கத்தில் ‘பிள்ளையின் பிறந்த தேதி’ என்று ஒரு கட்டம். தலை நிமிராமல் ஜூலை ஆறு என்று எழுதினேன். கவுண்டரில் இருந்த மலாய்க்கார அம்மா அந்தப் பக்கத்துக்கு வந்ததும் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி என்னைப் பார்த்தார்.

“ஆனே, இந்தத் தடவை பேனா நிக்கலையே?” என்று மலாயில் கேட்டார். இங்கே மலாய்க்காரர்கள் தமிழ் ஆண்களை ஆனே என்பார்கள். நம்முடைய அண்ணேதான் அப்படி ஆகியிருக்கிறது. பதிலுக்கு நான் அவரைக் காக் என்பேன். அக்கா என்று அர்த்தம்.

“நிக்கலை காக்.”

“முதலை எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு. தினமும் ஆறு மணிக்கு வந்துடுது.”

எனக்குப் பின்னால் நின்ற ஆள் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறந்த தேதி கேட்கிற இடத்தில் முதலை எங்கிருந்து வந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவருக்குச் சொல்ல நேரமில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

2

என்னைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. அறந்தாங்கிப் பக்கம் பிறந்து ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். மதராஸில் சைக்கிள் கடை, பம்பாயில் சலவைக் கடை, அந்தமானில் மரம் இழுக்கும் வேலை, அப்புறம் ஒரு சரக்குக் கப்பலில் வெங்காயம் உரிக்கும் வேலை. ஓர் இடத்தில் வருஷம் திரும்பினால் எனக்கு உள்ளங்கால் அரிக்க ஆரம்பித்துவிடும். பினாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில், மாவு மூட்டைகளின் மேல் எட்டு மாதம் தூங்கினேன். எலி ஒன்று என் கால் கட்டைவிரலைப் பலகாரம் என்று நினைத்துக் கடித்துப் பார்த்தது. அதெல்லாம் நடந்தது, முடிந்தது.

பிறகு ஒரு நாள், மெர்லிமாவ் பக்கத்தில் ஒரு செம்பனை எஸ்டேட்டுக்கு உர லாரியில் கூட வந்தேன். மூட்டைகளை எண்ணி இறக்கிக்கொள்ள வந்தவள் லெட்சுமி. நான் நாற்பத்திரண்டு என்றேன். அவள் நாற்பத்தொன்று என்றாள். மறுபடி எண்ணினோம், அவள் சொன்னதுதான் சரி. லாரி திரும்பிப் போயிற்று. நான் போகவில்லை.

இப்போது என் தொழில் கூரை ஏறுவது. இரண்டு மூன்று வருஷமாக இந்த நாட்டில் வீட்டுக் கூரைகளில் சின்ன டிஷ் முளைக்க ஆரம்பித்திருக்கிறது. மெர்லிமாவில் ஒரு சீனர் கடைக்காக அதைக் கொண்டுபோய் வைக்கிறவன் நான். ஜாசின் வட்டாரத்தில் லயம் என்கிற எஸ்டேட் வரிசை வீடுகள், கம்போங் என்கிற மலாய்க் கிராமங்கள், கடற்கரைச் சாப்பாட்டுக் கடைகள் என்று நான் ஏறாத கூரை குறைவு. டிஷ்ஷை வானத்தில் சரியான இடத்தைப் பார்த்துத் திருப்ப ஒரு கருவி இருக்கிறது. கடையில் அது ஒன்றே ஒன்று. முதலாளியின் மச்சான் எடுத்துக்கொண்டு போய்விடுவான். ஆகவே நான் வேறு வழி கண்டுபிடித்தேன். உள்ளே டிவியில் பிள்ளைகளின் கார்ட்டூன் சேனலை வைக்கச் சொல்லிவிட்டுக் கூரைக்குப் போவேன். ஒரு விரற்கடை திருப்புவேன்.

“வந்துருச்சா?”

“இல்ல அங்கிள்!”

இன்னும் ஒரு விரற்கடை.

“இப்ப?”

“கட்டம் கட்டமா வருது!”

இன்னும் ஒரு மயிரிழை. அப்போது உள்ளே இருந்து ஒரு கூச்சல் வரும் பாருங்கள், தமிழ் வீடானாலும் மலாய் வீடானாலும் அது ஒரே கூச்சல்தான். உடனே ஆணியை முறுக்கிவிட்டு இறங்கிவிடுவேன். செய்திச் சேனல் வைத்தால் பெரியவர்கள் “ம்ம், வருது போல” என்பார்கள். அதை நம்பி ஆணி முறுக்க முடியாது.

3

அந்தக் கார்ட்டூன் சேனல் எங்கள் நாட்டுக்கு மட்டுமானது இல்லை. பக்கத்து நாடு ஒன்றிலிருந்து ஐந்து நாட்டுப் பிள்ளைகளுக்குச் சேர்த்து ஒளிபரப்புகிறார்கள். தினமும் சாயங்காலம் மஞ்சள் சட்டை போட்ட ஒரு பெண் வருவாள். அவள் பக்கத்தில் துணியில் தைத்த பச்சை முதலை ஒன்று வாயை வாயைத் திறக்கும். “பாங்காக்கிலும் ஜகார்த்தாவிலும் மணி ஐந்து! கோலாலம்பூர், சிங்கப்பூர், மணிலாவில் மணி ஆறு!” என்று இங்கிலீஷில் கத்துவாள். எனக்கு அது பிடிக்கும். கூரையில் இருந்தபடியே, ஊரில் இப்போது மூன்றரை, அக்கா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருப்பாள் என்று நானும் ஒரு நாட்டைச் சேர்த்துக்கொள்வேன்.

ஊருக்கெல்லாம் டிஷ் வைக்கிறவன் வீட்டில் டிஷ் கிடையாது. “வச்சா இவ பள்ளிக்கூடப் பாடத்தையே மறந்துருவா” என்று லெட்சுமி சொல்லிவிட்டாள். அதனால் எங்கள் மகள் சாந்தினி தினமும் ஆறு மணிக்கு டிரஸர் வீட்டுக்குப் போய்விடுவாள். டிரஸர் என்றால் எஸ்டேட் மருந்தகத்தைப் பார்த்துக்கொள்பவர்; யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம். அவர் மகள் ஷர்மிளாவும் சாந்தினியும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு, வாரத்துக்கு இரண்டு சண்டை.

அங்கே போய் வந்து சாந்தினி பேசுகிற இங்கிலீஷ் எனக்கு ஒரு எழவும் புரியாது. சோறு போட்டால் “ஓ மை குட்னஸ்” என்பாள். முருங்கைக்காயைப் பார்த்து “எமர்ஜென்ஸி!” என்பாள். ஒரு நாள் நான் அவளைப் பார்த்து “என்ன தாயி, மேலுக்கு முடியலையா?” என்று கேட்டதற்கு, “மேல ஒண்ணும் இல்லையே பா, சீலிங்தான் இருக்கு” என்று அண்ணாந்து பார்த்தாள். எங்கள் பக்கம் மேல் என்றால் உடம்பு என்று இவளுக்கு யார் சொல்லிக்கொடுப்பது? லெட்சுமி சிரித்துக்கொண்டே சட்டியைக் கழுவினாள். எனக்குச் சின்ன வருத்தம்தான். ஆனால் பதினாலு வயதில் ஊரை விட்டு ஓடியவன், பிள்ளை நம் பேச்சை விட்டுப் போகிறாள் என்று பெரிதாகக் குறைப்பட முடியுமா?

அந்தச் சேனலில் இன்னொரு விஷயம் உண்டு. பிள்ளைகள் தங்கள் பெயர், நாடு, பிறந்த தேதி எழுதி ஒரு படமும் வரைந்து அனுப்பினால், பிறந்தநாள் அன்று முதலை பெயரையும் தேதியையும் படிக்கும், படத்தையும் காட்டுவார்கள். ஷர்மிளாவின் பெயர் போன வருஷம் மார்ச் மாதம் வந்துவிட்டது. அவள் வரைந்த முயல் ஐந்து நாட்டில் தெரிந்தது. அன்றையிலிருந்து எங்கள் வீட்டில் வேறு பேச்சில்லை.

ஒரு நாள் சாந்தினி ஒட்டிய உறையோடு பள்ளியிலிருந்து வந்தாள்.

“டீச்சர் ஹெல்ப் பண்ணாங்க பா. ரெஜிஸ்டர் பாத்து எல்லாம் கரெக்டா எழுதிட்டேன். நீ தபால்ல மட்டும் போடு.”

“என்ன படம் வரைஞ்சே?”

“சீக்ரெட் லா.” இங்கே எல்லோர் பேச்சுக்கும் கடைசியில் ஒரு லா ஒட்டிக்கொள்ளும்.

மெர்லிமாவ் தபால் பெட்டியில் போட்டேன். அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். நான் இருக்கவில்லை. போன கூரைக்கெல்லாம் சொன்னேன். கோயில் தலைவரிடம் சொன்னேன். மளிகைக் கடையில் சொன்னேன். என் மகள் பெயர் டிவியில் வரப்போகிறது, ஆனி உத்திரத்தன்று ஆறு மணிக்கு எல்லோரும் டிரஸர் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்றேன்.

4

எங்கள் வீட்டில் பிறந்தநாள் என்றால் நட்சத்திரம்தான். சாந்தினி ஆனி உத்திரத்தில் பிறந்தவள். லெட்சுமி ஒவ்வொரு வருஷமும் தினசரிக் காலண்டரில் உத்திரம் எந்தத் தேதியில் விழுகிறது என்று பார்த்து அந்தத் தாளின் ஓரத்தை மடித்து வைப்பாள். அன்று எஸ்டேட் மாரியம்மன் கோயிலில் அர்ச்சனை, வீட்டில் பாயசம், புதுச் சட்டை. போன வருஷம் அது ஒரு புதன்கிழமை.

ஐந்தரை மணிக்கே டிரஸர் வீட்டு வரவேற்பறை நிறைந்துவிட்டது. பெண்கள் நாற்காலியில், பிள்ளைகள் தரையில், ஆண்கள் ஜன்னலுக்கு வெளியே. லெட்சுமி பெரிய தூக்கில் பாயசம் கொண்டுவந்திருந்தாள். டிரஸர் அம்மா மீ கோரெங் நூடுல்ஸ் பிரட்டி வைத்திருந்தார். சாந்தினி ரோஜா நிறச் சட்டையில், டிவிக்கு இரண்டடி தள்ளி, முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஆறு மணி. முதலை வந்தது. மணிலாவில் ஒரு பையன். சுராபாயாவில் இரட்டைப் பிள்ளைகள். மலேசியா என்றதும் அறையே நிமிர்ந்தது. ஈப்போவில் ஒரு சீனப் பெண்பிள்ளை. அப்புறம் பாங்காக். அப்புறம் முதலை வாலை ஆட்டிவிட்டுப் போயிற்று. பூனை எலியைத் துரத்த ஆரம்பித்தது.

கோயில் தலைவர்தான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

“என்னாப்பா, முடிஞ்சிருச்சா? பேரு வரலியே?”

தரையிலிருந்து ஒரு குரல் வந்தது. “சாந்தினி திப்பு!”

திப்பு என்றால் இங்கே பொய், ஏமாற்று. மலாய்ச் சொல், ஆனால் எங்கள் பிள்ளைகளுக்குத் தாய்மொழி மாதிரி. ஒன்று சொன்னால் போதும், பத்து வாய் அதைப் பிடித்துக்கொள்ளும். “திப்பு! திப்பு!”

“சும்மா இருங்கோ எல்லாரும்,” என்று டிரஸர் அம்மா அதட்டினார். “நாளைக்கு வரும் பிள்ளை. எத்தனை கார்டு அங்க குவிஞ்சு கிடக்குதோ.”

சாந்தினி அழவில்லை. பாயசக் கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். வாசலில் செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தாள். வியாழனும் வெள்ளியும் பள்ளியில் அவள் பெயரே திப்பு சாந்தினி என்று ஆகிவிட்டது. ஷர்மிளா மட்டும் அப்படிக் கூப்பிடவில்லையாம். ஆனால் கூப்பிட்டவர்களைத் தடுக்கவும் இல்லையாம்.

சனிக்கிழமை நான் சமாதானம் பேசப் போனேன். “விடு தாயி, அடுத்த வருஷம்…”

“நான் யார்கிட்டயும் சொல்லல பா,” என்றாள். “நீதான் எல்லார்கிட்டயும் சொன்னே. ஆனா என்னைத்தான் திப்புங்கிறாங்க.”

பல நாட்டில் பல பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். இவ்வளவு சரியாக யாரும் திட்டியதில்லை. அதன் பிறகு அவள் டிரஸர் வீட்டுப் பக்கமே போகவில்லை. திங்கட்கிழமை பள்ளி விட்டதும் அவளைச் செர்காமில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்கு இரண்டு நாள் அழைத்துப் போகிறேன் என்றாள் லெட்சுமி. போய்வா என்றேன். அதே திங்கட்கிழமை எனக்குப் பாஸ் புதுப்பிக்கும் நாள்.

5

அன்று நீல நாற்காலியில் உட்கார்ந்து படிவம் நிரப்பினேன். கடைசிப் பக்கத்தில், பிள்ளையின் பிறந்த தேதி என்ற கட்டத்தில், எப்போதும்போல பேனா நின்றது. உத்திரம் என்று அங்கே எழுத முடியாது. பிறப்புப் பத்திரத்தின் நகலைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ஜூலை ஆறு.

அதைப் பார்த்ததும் முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. சாந்தினி பிறந்தபோது நான் கடல் தாண்டி இருக்கும் சபா மாநிலத்தில், காட்டு மரக்கட்டை வேலையில் இருந்தேன். செய்தி கிடைத்து, கப்பல் பிடித்து, பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் நாள் ஓடிவிட்டது. லயத்திலேயே மருத்துவச்சி பார்த்த பிரசவம், லெட்சுமி படுக்கையில். பதிவு செய்ய நான்தான் போனேன். நாள் கடந்து வந்தால் ஆயிரம் கேள்வி கேட்பார்கள் என்று பஸ்ஸில் ஒரு ஆள் பயமுறுத்தியிருந்தான். அந்நியன், அரைகுறை மலாய், கையில் காகிதம் குறைவு. ஆகவே பிறந்தநாளை எட்டு நாள் தள்ளிச் சொன்னேன். அது ஜூலை ஆறு ஆயிற்று. வீட்டுக்கு வந்து சொன்னபோது லெட்சுமி, “அது ஆபீஸ்ல பொறந்த புள்ளைக்குப் பொறந்தநாள். என் புள்ளைக்கு உத்திரம்” என்று முடித்துவிட்டாள். வருஷத்துக்கு ஒரு தடவை நகலைப் பார்த்துப் படிவத்தில் எழுதுவதைத் தவிர, அந்தத் தேதியை நாங்கள் மறந்தே போனோம்.

என் எண் வந்தபோது மதியம் கழிந்திருந்தது; படிவத்தைக் கொடுத்தேன். கவுண்டர் அம்மா தேதி முத்திரையை ஓங்கிக் குத்தினார். குத்திய தேதியையும் நான் எழுதிய தேதியையும் பார்த்தார்.

“ஆனே! இன்னைக்குத்தானே உங்க மகளுக்குப் பிறந்தநாள்! கேக் வாங்கலையா?”

“இல்லை காக். அவ பிறந்தநாள் போன புதன்கிழமையே முடிஞ்சிருச்சு.”

“அப்ப இது யார் பிள்ளை?”

அவர் சும்மா கேட்டார். எனக்கு உச்சந்தலையில் யாரோ தட்டின மாதிரி இருந்தது. *ரெஜிஸ்டர் பாத்து எல்லாம் கரெக்டா எழுதிட்டேன்.* பள்ளி ரெஜிஸ்டரில் இருப்பது பிறப்புப் பத்திரத்தின் தேதி. முதலை கையில் இருப்பதும் அதே தேதி. பாவம் பிள்ளை, ரெஜிஸ்டரில் உள்ளது ஏதோ ஒரு எண், பிறந்தநாள் என்பது அம்மா காலண்டரில் ஓரம் மடிப்பது என்று நினைத்திருக்கிறாள். நாங்கள் வளர்த்தது அப்படி.

நட்சத்திரக் கதையையும் டிவி முதலைக் கதையையும் மட்டும் கவுண்டர் அம்மாவிடம் சொன்னேன். எட்டு நாள் கதையைச் சொல்லவில்லை; பாஸில் இன்னும் முத்திரை விழவில்லை அல்லவா?

“முதலையா?” என்றார். “எங்க வீட்டுலயும் அந்த முதலைதான். எத்தனை மணிக்கு?”

“ஆறு.”

“இப்பவே மூணு. கையெழுத்துப் போடறவர் கூட்டத்துல இருக்கார்.” எழுந்து என் கோப்பைத் தானே கையில் எடுத்துக்கொண்டார். “உட்காருங்க ஆனே. ஓடிடாதீங்க.”

பதினோரு வருஷத்தில் அன்றுதான் அந்த அலுவலகத்தில் ஒருவர் வேகமாக நடந்து பார்த்தேன். நாலேமுக்காலுக்கு பாஸ் என் கையில்.

உம்பாய் தாண்டி, கடலோரச் சாலையில் செர்காம் போய்ச் சேர்ந்தபோது ஐந்து இருபது. சாந்தினி பெரியம்மா வீட்டுப் பின்புறம் கோழிக்கு அரிசி போட்டுக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கச் சொன்னேன். அவள் கோழியைத்தான் பார்த்தாள்.

“ஒளறாத பா. பொறந்தநாள் முடிஞ்சிருச்சு.”

“அது உத்திரம். கார்டுல நீ எழுதுனது ஜூலை ஆறு. அது இன்னைக்கு.”

“ரெண்டு நாளு எப்படிப் பொறப்பாங்க?”

சொல்ல வேண்டியதாகிவிட்டது. சபா, கப்பல், பஸ் ஆள், பயம், எட்டு நாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அரிசிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது.

“அப்ப நீதான் திப்பு!”

“ஆமா.”

“ம்மா! அப்பாதான் திப்பு! பெரிய திப்பு!”

“அது எனக்குக் கல்யாணத்தன்னைக்கே தெரியும்,” என்றாள் லெட்சுமி. “டிரஸர் வீட்டுக்குக் கெளம்புங்க, மணியாகுது.”

சாந்தினி நின்றுவிட்டாள். “அங்க வர மாட்டேன். மறுபடி பேர் வரலைனா?”

அது நியாயமான கேள்வி. பெரியம்மா வீட்டில் டிஷ் இல்லை. எனக்கு உம்பாய் ஞாபகம் வந்தது. அங்கே ஒரு மக்சிக்கின், அதாவது ஒரு மலாய் அத்தையின், மீன் கடைக் கூரையில் நான்தான் டிஷ் வைத்தேன்.

“அங்க என்னை யாருக்கும் தெரியாதுல்ல?” என்றாள் சாந்தினி.

“ஒரு ஆளுக்கும் தெரியாது.”

“அப்ப சரி.”

6

சாந்தினி துணிப் பையில் இருந்த ரோஜா நிறச் சட்டையை மாட்டிக்கொண்டாள்; மூன்று பேரும் ஒரே மோட்டார் சைக்கிளில் போய் இறங்கினோம். மணி ஐந்து ஐம்பது. கடலிலிருந்து மழைக்கு முந்தின காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது. கடையில் ஏழெட்டு மீனவர்கள் காப்பிக் குவளைகளோடு பழைய கால்பந்து ஆட்டம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூலையில் ஒரு சீனக் குடும்பம் நண்டை உடைத்துக்கொண்டிருந்தது.

“மக்சிக், ஒரு பத்து நிமிஷம் கார்ட்டூன் வைக்கணும்.”

“கார்ட்டூனா? இவங்க என்னை அடிப்பாங்க லா.”

“இந்த ஆட்டம் யார் ஜெயிச்சாங்கன்னு இவங்களுக்குத் தெரியும்தானே?”

தாடி வைத்த மீனவர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். “தெரியும். ஆனா மறுபடியும் தோக்கறாங்களான்னு பாக்கறோம்.” பிறகு ரோஜாச் சட்டையைப் பார்த்தார். “என்ன விசேஷம், பிறந்தநாளா?”

“ஆமா,” என்றாள் சாந்தினி மலாயில். “ரெண்டாவது பிறந்தநாள்.”

அந்த மனிதர் ரிமோட்டை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டார்.

சேனல் மாறியது. மஞ்சள் சட்டைப் பெண் வந்தாள். “பாங்காக்கிலும் ஜகார்த்தாவிலும் மணி—” அவ்வளவுதான். படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுபோயிற்று. மேலே தகரத்தில் டக் டக் என்று சத்தம். எனக்கு உடனே புரிந்தது. அந்த டிஷ்ஷை வைத்த அன்று ஒரு ஆணி குறைந்தது. நாளைக்கு வந்து முறுக்குகிறேன் என்று போனவன், நாலு மாதமாக அந்தப் பக்கம் வரவில்லை. காற்றில் அது தலையாட்டிக்கொண்டிருந்தது.

ஏணி தேட நேரமில்லை. மீன் பெட்டிகளை அடுக்கி, மீனவர் ஒருவர் தோளில் கால் வைத்துத் தகரத்தில் ஏறினேன். டிஷ்ஷை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டேன். காற்று சட்டைக்குள் புகுந்து உப்பியது.

“வந்துருச்சா?”

“இல்ல பா!”

“இப்ப?”

“கட்டம் கட்டமா! முதலை மூக்கு மட்டும் தெரியுது!”

“இப்ப?”

மழையின் முதல் துளிகள் தகரத்தில் விழுந்தன. கையை அசைக்கவில்லை, மூச்சும் விடவில்லை. கீழே இங்கிலீஷில் ஏதோ பெயர்கள் ஓடின. மணிலா. சிங்கப்பூர். அப்புறம் மெர்லிமாவ், மலாக்கா, மலேசியா.

அதற்கப்புறம் வந்தது அந்தக் கூச்சல். எத்தனையோ கூரையில் கேட்ட கூச்சல்தான். ஆனால் இதில் என் மகள் குரல் முன்னால், லெட்சுமி குரல் அடுத்து, பின்னால் மீனவர்கள், சீனக் குடும்பம், மக்சிக்கின் கரண்டி தட்டும் சத்தம் எல்லாம் இருந்தது. அதோடு சேர்ந்து ஒரு பெரிய சிரிப்பு. ஏன் சிரிக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. தாடிக்காரர் மழையில் ஓடிவந்து கடைக்கு வெளியே நின்று என்னை அண்ணாந்து பார்த்தார். உள்ளே திரும்பிப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

“ஆனே! நீங்க டிவியில!”

“நானா? நான் இங்கதானே இருக்கேன்!”

“அங்கேயும் இப்படித்தான் இருக்கீங்க!”

இறங்கி வந்த பிறகுதான் தெரிந்தது. சாந்தினி வரைந்தது முயலும் இல்லை, பூனையும் இல்லை. ஒரு தகரக் கூரை; அதன்மேல் கைலியை மடித்துக் கட்டிய ஒரு ஆள், பெரிய தட்டு மாதிரி ஒரு டிஷ்ஷைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். கீழே ஒரு சின்னப் பெண் ‘வந்துருச்சு’ என்று தமிழில் சொல்கிறாள். மூன்று நாலு விநாடி காட்டினார்களாம். முதலை அந்தத் தமிழ் எழுத்தின்மேல் மூக்கை வைத்து முகர்ந்து பார்த்ததாம்.

நான் பார்க்கவில்லை. நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

7

எஸ்டேட்டுக்குத் திரும்பியபோது மழை விட்டிருந்தது. சொல்லி நம்பவைக்க வேண்டுமே, உம்பாய் மீனவர்களையா சாட்சிக்குக் கூப்பிடுவது என்று யோசித்துக்கொண்டே லயத்துக்குள் நுழைந்தேன். தேவைப்படவில்லை. ஷர்மிளா வழக்கம்போல ஆறு மணிக்கு டிவி முன்னால் இருந்திருக்கிறாள். பெயர் வந்ததும் மழையிலேயே இறங்கி ஒவ்வொரு கதவாகத் தட்டிச் சொல்லியிருக்கிறாள். சாந்தினியைப் பார்த்ததும் ஓடிவந்தாள்.

“ஏய், உன் படம் என் முயலைவிட ரொம்ப நேரம் காட்னாங்க லா! நான் எண்ணுனேன்!” என்றாள். பிறகு என்னைப் பார்த்து, “அங்கிள், உங்க தலையில அஞ்சு முடிதான் வரைஞ்சிருக்கா.”

“எண்ணியா வரைஞ்சே?” என்று சாந்தினியைக் கேட்டேன்.

“உன் தலையப் பாத்துத்தான் பா.”

அந்தப் படம் எப்படி இருந்தது என்று இந்த ஒரு வருஷமாக விசாரித்துக்கொண்டிருக்கிறேன். டிரஸர் அம்மா கைலி நீலம் என்கிறார். தாடிக்கார மீனவர் சிவப்பு என்கிறார். லெட்சுமி கண்ணில் தண்ணீர் மறைத்துவிட்டது, நிறம் தெரியவில்லை என்கிறாள். இன்னொன்று வரைந்து கொடு என்று மகளைக் கேட்டால், அது அப்போது வரைந்தது, இப்போது வராது என்கிறாள். இந்த வருஷம் அவள் கார்டு அனுப்பவில்லை. ஒன்பது வயதாகிவிட்டதாம், முதலை பேபிகளுக்காம்.

அந்தக் கார்டு இப்போதும் அந்தப் பக்கத்து நாட்டில், ஏதோ ஒரு பெட்டியில் இருக்கும். போய்ப் பார்க்கலாம் என்றால் விசா வேண்டும், படிவம் வேண்டும், நாற்காலி பிடிக்க வேண்டும். அதில் இருக்கிற அஞ்சு முடிக்காரனுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. ஒரு முத்திரையும் இல்லாமல் மூன்று விநாடியில் ஐந்து நாட்டுக்குப் போய்விட்டு வந்துவிட்டான். இத்தனை வருஷம் அலைந்தும் நான் பார்க்காத மணிலாவை அவன் பார்த்திருக்கிறான்.

உம்பாய் டிஷ்ஷுக்கு மறுநாளே ஆணி முறுக்கிவிட்டேன். லெட்சுமி காலண்டரில் இப்போது இரண்டு தாளின் ஓரம் மடிந்திருக்கிறது. உத்திரத்துக்கு ஒரு பாயசம், ஆபீஸில் பிறந்த பிள்ளைக்கு ஒரு பாயசம். “அதுவும் நம்ம புள்ளதானே, பாவம்” என்கிறாள்.

கவுண்டரில் என் பேனா ஏன் நிற்கவில்லை என்று கேட்டீர்களானால், காரணம் அதுதான். எட்டு வருஷம் பொய்யாக இருந்த தேதி அது. ஐந்து நாட்டுக்கு முன்னால் முதலை ஒரு தடவை உரக்கப் படித்துவிட்டது. இனி அதை நானே நினைத்தாலும் மாற்ற முடியாது.